வைப்பாறு குழுவின் முதல் ரிக்கார்டு

சரியாகச் சொல்லுவேனா என்று பயமாக இருக்கிறது, தங்கச்சி. நான் ஒன்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு வேறு ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் வீட்டுக்காரரிடம் இதை ஆரம்பித்தால் பாதியிலேயே, "அப்போ தப்பு உம்மேலதானே" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அதனால் அவரிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. நீங்கள் சங்கரன்கோவில் போகிறவர். நான் கழுகுமலையில் இறங்கிவிடுவேன். அப்புறம் நாம் பார்க்கப் போவதில்லை. அதோடு நீங்கள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள், என்னைத் தாண்டி எழுந்து போகவும் முடியாது.

மடியில் இருப்பது சாமி படமா என்று கேட்டீர்களே, இல்லை. ரிக்கார்டு. பாட்டு ரிக்கார்டு, சின்னது. துணிக்குள் இருக்கிறது. மேலே கை வைக்க வேண்டாம், பஸ் குலுங்கினால் நானே பிடித்துக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது? குடத்திலிருந்து தொடங்குகிறேன்.

என் வீட்டுக்காரர் அய்யாத்துரைக்கு மைக்செட் தொழில். கோவில்பட்டியில் செண்பகா சவுண்ட் சர்வீஸ் என்றால் தெரியும். செண்பகவல்லி என்பது என் பேர்தான், ஆனால் ஊரில் எல்லோரும் அம்மன் பேர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அவரும் அப்படியே விட்டுவிட்டார். அது கிடக்கட்டும். ஒரு காலத்தில் எங்களிடம் பெட்டி பெட்டியாக ரிக்கார்டு இருந்தது. கேசட் வந்தவுடன் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடைக்காரன் அள்ளிக்கொண்டு போனான். ஒன்று மட்டும் அடுப்படியில் தங்கிவிட்டது. அதைத்தான் தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகப் போட்டிருந்தேன். நடுவில் உள்ள ஓட்டையில் துணியைத் திருகி வைத்து அடைத்துவிட்டால் எறும்பு போகாது. இருபது வருடத்துக்கு மேல் அது மூடிதான்.

எஸ்தர் டீச்சர் ஒருநாள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு மைக் சொல்ல வந்தார். தாகம் என்றார். நான் மூடியைத் தூக்கினேன். அவர் தண்ணீரை வாங்காமல் மூடியை வாங்கினார்.

"செண்பகம், இது வைப்பாறு மெல்லிசைக் குழு ரிக்கார்டு. தெரியுமா உனக்கு?"

"தெரியாம என்ன டீச்சர்."

"எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு. மொத்தம் ஏழு போட்டாங்க. இது எனக்குக் கிடைக்காத ஒண்ணு. இதை நான் எடுத்துக்கலாமா? உனக்கு நல்ல எவர்சில்வர் மூடி ஒண்ணு வாங்கித் தாரேன்."

எனக்கு அன்றைக்கு வந்ததே ஒரு கோபம். எவர்சில்வர் மூடி என் வீட்டில் இல்லையா? ஏழு ரிக்கார்டு என்று எண்ணிக்கை தெரியுமாம், எனக்குத் தெரியாதாம். எனக்கு உண்மையில் தெரியாதுதான், ஆனால் அது வேறு விஷயம். "இல்லை டீச்சர், இது எனக்கு ரொம்பப் பிடிச்சது, வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் பிடித்தது. நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டாம், எனக்கு அந்தக் குழுவை முன்னாலிருந்தே பிடிக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் நான் வேண்டுமென்று செய்ததாக ஆகிவிடும். அதனால் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்ததும் என்னைத் தீப்பெட்டி ஆபீசில் சேர்த்துவிட்டார்கள். ஆபீஸ் என்றால் ஆபீஸ் இல்லை, பெட்டி ஒட்டுகிற இடம். முதல் நாள். பக்கத்துத் தெருவில் சடங்கு வீடு, வேப்பமரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். வைப்பாறு குழுவின் பாட்டு. முதலில் ஒரு கிளாரினெட் தனியாக வரும், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அப்புறம் ஒரு பெண் குரல், தண்ணீர் இல்லாத ஆற்றைப் பார்த்து எப்போது வருவாய் என்று கேட்கும். நான் பசையைத் தொட்டுக்கொண்டு கையை அப்படியே தூக்கி வைத்திருந்தேன். மேஸ்திரி வந்து, "ஏட்டி, பசை காயுது" என்றார். அன்றைக்கு ஒட்டிய பெட்டி எல்லாம் கோணல். அந்தப் பாட்டை அப்புறம் நான் கேட்கவே இல்லை. அது அவர்களுடைய முதல் ரிக்கார்டு. கொஞ்சம் பிரதிதான் போட்டார்களாம்.

டீச்சர் அந்தப் பாட்டைக் கேட்டதே இல்லை. இதை மறந்துவிடாதீர்கள். அவருக்கு பி.ஏ., பி.எட். படிப்பு. பென்ஷன். காங்கிரீட் வீடு. மகன் பெங்களூரில். வேலை செய்கிற ரிக்கார்டு பிளேயர். என்னிடம் இருந்தது, அந்தப் பாட்டை நான் கேட்டிருக்கிறேன் என்பது ஒன்றுதான்.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்றால், டீச்சர் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். "ரிக்கார்டு உன்னோடதாவே இருக்கட்டும், என் வீட்ல வச்சுக் கேட்போம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வா." போனேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, பஞ்சில் ஒற்றி, ஓரத்தை மட்டும் பிடித்து வைத்தார். இருபது வருடத்துக் குடத்து ஈரம், கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் பாடியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அவர் வீட்டில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டேன்.

காப்பி கொடுத்தார். அவர் எவர்சில்வர் டம்ளரில் குடித்தார், எனக்குக் கண்ணாடி அலமாரியைத் திறந்து பீங்கான் கோப்பை எடுத்தார், பூப்போட்டது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இதே. எனக்கு மட்டும் தனிக் கோப்பை. ஏன் தங்கச்சி, அவர் குடிக்கிற டம்ளரில் நான் குடித்தால் ஆகாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

பிறகு தேட ஆரம்பித்தோம். தேட ஆரம்பித்தேன் என்று சொல்ல வேண்டும். டீச்சருக்கு யாரைத் தெரியும்? மைக்செட்காரர்கள் எல்லோரும் என் வீட்டுக்காரருக்குப் பழக்கம். எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர், புளியங்குடி என்று நான்தான் பஸ் பிடித்துப் போவேன். பழைய குழாய், அறுந்த வயர், எலி கடித்த பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவுவேன். நாலாவது, ஐந்தாவது, ஆறாவது எல்லாம் நான் கொண்டுவந்தது. லேபிள் பச்சையாக இருந்தால் எந்த வருடம், நீலமாக இருந்தால் எந்த வருடம் என்று இப்போது என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். எனக்கு இதிலெல்லாம் பெரிய ஆர்வம் கிடையாது. டீச்சருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

என் வீட்டுக்காரர் சிரிப்பார். "நான் பாட்டு வித்துத் தின்னேன், நீ பாட்டைத் தேடித் திரியிற" என்பார். ஆனால் ஒரு விஷயம் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். மைக்செட்காரர்கள் ரிக்கார்டு வாங்கினால் முதல் வேலையாக லேபிளில் கடை முத்திரையைக் குத்திவிடுவார்கள். திருவிழா நாளில் இவர் ரிக்கார்டு அவரிடம் போகும், அவர் ரிக்கார்டு இவரிடம் வரும். எத்தனை வருடம் கழித்து, எந்த ஊரில், யார் பெட்டியில் அகப்பட்டாலும் சரி, முத்திரை யாருடையதோ அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். எதிர்ப்பேச்சு கிடையாது. டீச்சருக்கும் இது தெரியும். "நல்ல வழக்கம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவார்.

ஆறும் சேர்ந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பையை எடுத்தேன். டீச்சர் சொன்னார், "செண்பகம், உங்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ். வெயில்ல ரிக்கார்டு நெளிஞ்சுபோயிடும். இங்கேயே பீரோவுல இருக்கட்டுமே. சாவி ஒண்ணு உங்கிட்டயும் இருக்கட்டும்."

சாவியைக் கொடுத்தார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் கூரையைச் சொன்னாரா இல்லையா? நாங்கள் என்ன, வேண்டுமென்றா ஆஸ்பெஸ்டாஸ் போட்டோம்?

அப்புறம் பேப்பரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் எழுதுகிற ஒரு தம்பி மதுரையிலிருந்து வந்து டீச்சரிடம் இரண்டு மணி நேரம் பேசினார். நானும் இருந்தேன். டீச்சர் நாலைந்து தடவை, "இவங்கதான் தேடிக் கொண்டுவந்தது, இவங்களைக் கேளுங்க" என்றார். அவர் என்னைக் கேட்டதற்கெல்லாம் "ஆமா" என்றேன். போட்டோ எடுத்தார்கள். வந்த பேப்பரைப் பார்த்தால் டீச்சர் நாற்காலியில் சிரித்துக்கொண்டு இருக்கிறார், ஓரத்தில் ரிக்கார்டைப் பிடித்திருக்கிற ஒரு கை இருக்கிறது. வளையலோடு. என் கை. முழங்கைக்கு மேல் வெட்டிவிட்டார்கள். எழுத்தில் ஒரே ஒரு வரி, தோழி ஒருவரின் உதவியோடு என்று.

டீச்சர் அந்தத் தம்பிக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டாராம். எனக்கு எப்படித் தெரியும், போட்டாரா இல்லையா என்று? அவரே சொன்னதுதானே. பேப்பரை நான் வெட்டி வைத்திருக்கிறேன். என் கை இருக்கிற பக்கத்தை மட்டும்.

இப்போது கழுகுமலைக்கு வருகிறேன். போன மாசி மாதம். கழுகுமலையில் பரமசிவம் அண்ணாச்சி என்று ஒருவர். மைக்செட்டை விட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டது, வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் எல்லாம் போட்டு வைத்திருக்கிறார். கண்ணில் புரை. "நீயே பாத்து எடுத்துக்கம்மா, உங்க வீட்டுக்காரர் எனக்குத் தம்பி மாதிரி" என்றார். மூன்றாவது பெட்டியில், அடியில், சிவப்பு லேபிள். உறை இல்லை. முத்திரைகூட இல்லை, அண்ணாச்சி குத்த மறந்திருக்கிறார். முதல் ரிக்கார்டு. கீறல் இல்லாமல், நேற்று வாங்கியது போல.

அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இதே பஸ்சில் வந்தேன். டீச்சர் வீட்டுத் தெரு முனையில் இறங்கினேன். அவர் கேட் வரைக்கும் போனேன். உள்ளே அவர் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது, "வைப்பாறு கலெக்ஷன் எங்கிட்ட ஆறு இருக்கு" என்று. எங்கிட்ட என்றார். திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பரணில் வைத்தேன். கூரையை ஒட்டி, பழைய பாய்க்கு மேலே. அங்கேதான் யாரும் ஏற மாட்டார்கள்.

பிளேயர் இல்லை, அதனால் கேட்கவும் முடியவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போவேன், பீங்கான் கோப்பையில் காப்பி குடிப்பேன். டீச்சர் கேட்பார், "கழுகுமலைப் பக்கம் விசாரிச்சியா?"

"அங்க ஒண்ணும் இல்லை டீச்சர். எல்லாம் எலி கடிச்சுப்போச்சு."

"அப்படியா. பரவாயில்ல. அந்தக் கிளாரினெட் எப்படி வரும்னு இன்னொரு தடவை சொல்லேன்."

சொல்லுவேன். வாயால் கொஞ்சம் ஊதியும் காட்டுவேன். பி.ஏ., பி.எட். படித்தவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வைகாசி பிறந்ததும் ஒருநாள் சொன்னார், மகன் கூப்பிடுகிறான், பெங்களூருக்கே போய்விடப் போகிறேன் என்று. முழங்கால் வலி, தனியாக இருக்க முடியவில்லை. "பிளேயரும் ஆறு ரிக்கார்டும் உனக்குத்தான் செண்பகம். பீரோவையும் எடுத்துக்கோ, கூரை வெயில் படாது. அந்த முதல் ரிக்கார்டு ஒண்ணுதான் கேக்காமப் போறேன்."

"இதோ வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். காட்டத்தான் ஓடினேன் என்று நினைக்கிறேன். எனக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை. ஸ்டூல் போட்டுப் பரணில் கையை விட்டேன். பாய் சுட்டது. ரிக்கார்டை எடுத்தால், தங்கச்சி, எண்ணெயில் போட்ட அப்பளம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே.

அதை எப்படிக் காட்டுவது? எங்கே இருந்தது என்று கேட்பார். எப்போது கிடைத்தது என்று கேட்பார். கேட்காவிட்டாலும் கூரையை நினைத்துக்கொள்வார். திரும்பிப் போய், "அடுப்புல பால் வச்சிருந்தேன் டீச்சர், அதான் ஓடினேன்" என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். பரண் ஒட்டடை ஒட்டியிருந்திருக்கிறது. அதைக் கையால் எடுத்துவிட்டு ஒன்று சொன்னார். "அது என்னைக்காவது கிடைச்சா எங்கிட்டச் சொல்லணும்னுகூட இல்ல செண்பகம். நீ கேட்டாப் போதும்."

அதற்கு என்ன அர்த்தம்? பெருமைதான். நான் விட்டுக்கொடுக்கிறேன் பார் என்கிற பெருமை.

பிளேயர் வந்தது. முதல் வேலையாகக் கதவைச் சாத்திவிட்டு இதைத்தான் போட்டேன். முள்ளின் தலையில் எட்டணாக் காசை வைத்தேன், மைக்செட்காரர்கள் செய்வது போல. கிளாரினெட் மூச்சு வாங்கும், முள் ஏறும், இறங்கும், தாவிவிடும். அந்தப் பெண் ஆற்றைக் கூப்பிட ஆரம்பிப்பாள், முடிக்க மாட்டாள். கிரைண்டர் கல்லைத் தூக்கி மேலே வைத்துப் பார்த்தேன், இரண்டு நாள். நிமிரவில்லை.

டீச்சர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தவறாமல் போன் செய்கிறார். "பாட்டைப் போடு, நான் இங்கேருந்து கேக்குறேன்" என்பார். போனைப் பிளேயர் பக்கத்தில் வைப்பேன். ஆறையும் போடுவேன். அவர் காப்பி உறிஞ்சுவது கேட்கும். நானும் காப்பி போட்டுக்கொள்வேன். அந்தப் பீங்கான் கோப்பையும் பீரோவுக்குள்தான் வைத்து அனுப்பியிருந்தார். நான் குடித்ததை அவர் வைத்துக்கொள்ள விரும்பவில்லை போலிருக்கிறது.

போன வாரம் சொன்னார், கிறிஸ்துமசுக்கு ஊருக்கு வருகிறாராம். "மகன் கார் எடுத்துட்டு வாரான். நாம ரெண்டு பேரும் கழுகுமலைக்குப் போயி அண்ணாச்சி கொட்டகையை ஒருதடவை பாத்துட்டு வருவோம். சும்மா ஒரு ஆசை."

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அண்ணாச்சி வாயைத் திறந்தால்? "உங்க ஊர் அம்மாதான் எடுத்துட்டுப் போச்சே" என்று சொன்னால்? அவருக்குக் கண்தான் தெரியாது. ஆனால் ஞாபகமும் குறைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொன்னார், அது ஒன்றுதான் தைரியம்.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. இதைத் திருப்பிக் கொண்டுபோய் அதே மூன்றாவது பெட்டியில் அடியில் வைத்துவிடப் போகிறேன். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் அதிரசம் எடுத்துக்கொண்டிருக்கிறேன், அவர் தின்றுகொண்டிருக்கும்போது கொட்டகைக்குள் போய்விடலாம். கிறிஸ்துமசுக்கு டீச்சர் வந்து அவரே தேடி எடுக்கட்டும். கொட்டகைக்குத் தகரக் கூரை. நெளிந்ததற்கு அது பதில் சொல்லட்டும்.

ஆனால் அவர் எடுத்தால் அது அவருடையதாகிவிடும் இல்லையா? மறுபடி பேப்பர், மறுபடி போட்டோ, மறுபடி என் கை. அதற்கும் வழி செய்துவிட்டேன். இன்று காலை என் வீட்டுக்காரர் பந்தல் வேலைக்குக் கிளம்பிய பிறகு, மேஜையடியில் கிடந்த பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேடி எடுத்தேன். செண்பகா சவுண்ட் சர்வீஸ், கோவில்பட்டி. மைப் பெட்டி காய்ந்து கல்லாகியிருந்தது. கடைக்குப் போய்ப் புதிதாக ஒரு புட்டி மை வாங்கி வந்து, நன்றாக ஊற்றி ஊற வைத்து, சிவப்பு லேபிளின் நடுவில் ஒரே குத்து. அப்புறம் தெளிவாக விழவில்லையோ என்று இன்னொரு குத்து. இனிமேல் யார் எடுத்தாலும் எதிர்ப்பேச்சு கிடையாது. முத்திரை யாருடையதோ அவர்களுக்குத்தான். முப்பது வருடத்துக்கு முன்னால் திருவிழாவுக்குப் போன எங்கள் ரிக்கார்டு, வேறு ஆள் கொட்டகையில் கிடந்து நெளிந்துபோயிற்று. அவ்வளவுதான். டீச்சரே நோட்டில் அப்படி எழுதிக்கொள்வார்.

சரியாகத்தானே சொன்னேன்? ஏதும் விட்டுப்போகவில்லையே?

அதோ மலை தெரிகிறது, இறங்க வேண்டும். உங்கள் காலடியில் அதிரசப் பை இருக்கிறது, கொஞ்சம் காலை நகர்த்திக்கொள்ளுங்கள். அட, உங்கள் கையைப் பாருங்கள். இதன் மேல் கை வைக்காதீர்கள் என்று நான் அப்போதே சொன்னேன். துணியைத் தாண்டி வந்துவிட்டது. சேலையில் துடைக்காதீர்கள், ஊதா மை, போகாது. இன்னும் காயவில்லை.